வெட்டும் நொதியும் மதியச் சாப்பாடும்

1

ஓய்வு பெற்று இரண்டாண்டு நிறைந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், நாட்காட்டித் தாள் கிழிப்பது என் வேலை. மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில், எங்கள் அடுக்குமாடியின் பால்கனியில் உட்கார்ந்து, கீழே மோனோரயில் ஓடுவதைப் பார்த்தபடி, இந்த இரண்டாண்டில் என்ன சாதித்தேன் என்று யோசித்தேன். மின்தூக்கி பழுதானால் யாரிடம், எந்தப் படிவத்தில் புகார் தரவேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு நடைமுறை எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு மின்தூக்கி பழுதாகவே இல்லை. எனக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

அப்போதுதான் குணாவின் அழைப்பு வந்தது. குணா கிள்ளான்காரர். நான் மேலாளராக இருந்த பல்கலைக்கழக ஆய்வகத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவர்.

“ஆறுமுகம் சார், பிஸியா?”

ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது தனி மரியாதை. “கொஞ்சம்” என்றேன்.

என் பெயர் ஆறுமுகம் அல்ல. நான் இராமநாதன், ஆறுமுகம் என் அப்பா. பாஸ்போர்ட்டில் என் பெயரை முன்னாலும் அவர் பெயரைப் பின்னாலும் போட்டிருந்தார்கள். இங்கே வந்த முதல் நாள் அலுவலகம் பின்னால் இருந்ததைப் பிடித்துக்கொண்டது. ஆக, மலேசியாவில் வேலை கிடைத்தது என் அப்பாவுக்கு. அவர் திருச்சியில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அவர் பெயரில் நான் முப்பது வருடம் உழைத்தேன். திருத்தச் சொல்லி மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது: ‘அன்புள்ள திரு. ஆறுமுகம்’ என்று.

“ஆர்.என்.ஏ. ரூம்ல பிரச்சனை சார். எடுக்குற ஆர்.என்.ஏ. எல்லாம் உடைஞ்சு உடைஞ்சு போவுது. எனக்கு தலை பெனிங் ஆயி கிறுகிறுன்னு சுத்துது. ஒரு தடவை வந்து பாருங்க லா.”

“யாரோடது உடையுது?”

குணா தொண்டையைச் செருமினார். “அகிலாவோடது சார்.”

அகிலா என் மகள்.

2

திருச்சி நண்பர்களுக்காக இங்கே கொஞ்சம் பாடம் நடத்தவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பணியில் இருந்தபோது என் பாடத்தைக் கேட்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள், இப்போது நீங்கள்தான்.

செல்லுக்குள் டி.என்.ஏ. என்பது பதிவறையில் பூட்டி வைத்த மூலப்படி. அதை யாரும் வெளியே எடுத்துப்போக முடியாது. வேண்டிய பக்கத்துக்கு ஒரு நகல் எடுப்பார்கள். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நகல் வெளியே போகும், அதைப் படித்துப் புரதம் செய்வார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, நகல் எடுத்தவுடனே கத்தியோடு ஒரு கூட்டம் வந்து நிற்கும் என்பது. ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள். ஆய்வகத்தில் ‘ஆர்னேஸ்’ என்போம்.

வெட்டுவது என்றதும் வில்லன் என்று நினைக்கவேண்டாம். சில நகல்கள் தேவைக்கு மேல் நீளமாகப் பிறக்கின்றன. முன்னால் தொங்குவதை ஒரு நொதி நறுக்கும். பின்னால் தொங்குவதை இன்னொன்று நறுக்கும். நறுக்காதவரை அந்த நகலால் எந்த வேலையும் நடக்காது. (என் பெயருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். முன்பாதி போனபிறகுதான் சம்பளம் வர ஆரம்பித்தது.) இன்னும் சில நொதிகள் ஒரு நகலைப் பொடித் துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளைக்கொண்டே வேறு நகல்களின் வாயை அடைக்கும். மற்றும் சில, வேலை முடிந்த நகலை, அதாவது அது சுமக்கும் செய்தியை, தீர்த்துக்கட்டும். ஒரு செய்தியைச் சீக்கிரம் வெட்டினால் அந்தப் புரதம் குறையும். தாமதித்து வெட்டினால் கூடும். ஒரு மரபணு எவ்வளவு பேசலாம் என்பதை இப்படியும் செல் கட்டுப்படுத்துகிறது.

உலகத்தின் எந்த அரசு அலுவலகத்திலும் இல்லாத நொதி இது. அங்கே பிறந்த சுற்றறிக்கை எதுவும் சாவதில்லை.

இந்த நொதி செல்லுக்குள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. நம் வியர்வையில் இருக்கிறது, எச்சிலில் இருக்கிறது, விரல் நுனியில் இருக்கிறது. கொதிக்கவைத்தால் வடிவம் குலையும். ஆறியதும் பழையபடி மடிந்து எழுந்து வேலைக்கு வந்துவிடும். இடமாற்றம் செய்யப்பட்ட அதிகாரி அடுத்த மாதமே அதே மேசையில் உட்கார்ந்திருப்பாரே, அப்படி. அதனால் ஆர்.என்.ஏ. எடுக்கும் அறையில் வெறுங்கையால் எதையும் தொடக்கூடாது. குப்பியின் மேல் குனிந்து பேசக்கூடாது. தண்ணீரில் உள்ள நொதியைச் சாகடிக்கத் தனி மருந்து. கண்ணாடிக் கலங்களை அடுப்பில் பல மணி நேரம் சுடவேண்டும். இதற்கெல்லாம் விதி எழுதியவன் நான். அந்த அறைக்குள் நான் இருந்தவரை யாரும் தும்மியதில்லை.

3

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்து சென்ட்ரல் நிலையத்துக்குப் போய், கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடித்தால் பல்கலைக்கழகம். முப்பது வருடம் போன வழி. வாசலில் காவலர் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு உள்ளே விட மறுத்தார். விருந்தாளி அட்டை வேண்டும். அட்டை வேண்டுமானால் பாதுகாப்புத் தேர்வு எழுதவேண்டும். அந்தத் தேர்வின் வினாக்களை வைத்தவன் நான்.

பத்துக் கேள்வி. ஒன்பது சரி. ‘தீப்பிடித்தால் முதலில் யாருக்குத் தொலைநகல் அனுப்பவேண்டும்?’ என்ற கேள்விக்கு, யாருக்கும் அனுப்பாமல் ஓடவேண்டும் என்று எழுதினேன். தவறு என்று கணினி சொன்னது. சரியான விடை: ஆய்வக மேலாளருக்கு.

“குணா, ஃபேக்ஸ் மெஷின்தான் இல்லையே இப்ப?”

“இல்ல சார். தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வி?”

“நீங்க எழுதுனது சார். நாங்க ஃபாலோ பண்றோம்.” முகத்தில் சிரிப்பே இல்லை. “நீங்க ரிடையர் ஆவுறப்ப என்ன சொன்னீங்க? ‘ஒரு வரியைக்கூட மாத்தாதே’ன்னு சொன்னீங்க.”

4

அறையை ஒரு காலை முழுக்கச் சோதித்தேன். தண்ணீர், கையுறை, பிப்பெட், மேசை துடைக்கும் திரவம், கழிவுப் பெட்டி. பக்கத்து டி.என்.ஏ. அறையில் இதே ஆர்னேஸைப் புட்டியில் வாங்கி வைத்திருப்பார்கள், அங்கே ஆர்.என்.ஏ.தான் குப்பை, அதை ஒழிக்க இது வேண்டும். அந்த அறையின் பிப்பெட் இந்த அறைக்கு வழிதவறி வந்துவிட்டதா என்று பார்த்தேன். இல்லை. இந்த அறைப் பிப்பெட்டுகளுக்கு அடையாளமாக நான் சுற்றிய சிவப்பு நாடா அப்படியே இருந்தது.

பிறகு சுழற்சி இயந்திரத்தின் மூடியில் அதைப் பார்த்தேன். சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

“குணா!”

“ஆயுத பூசை சார்” என்றார் குணா, தரையைப் பார்த்தபடி. “வெளிய மட்டும்தான். க்ளவ்ஸ் போட்டுட்டுதான் வெச்சேன். சத்தியமா சார்.”

எனக்குத் திருச்சிக் கல்லூரி நினைவுக்கு வந்தது. அங்கே தாவரவியல் துறையில் நான் செய்முறைப் பயிற்றுநராக இருந்தபோது ஆயுத பூசை நாளில் நுண்ணோக்கிகளுக்குப் பொட்டு வைப்பார் உதவியாளர். பக்தி மிகுதியில் கண் வைக்கும் வில்லையிலேயே வைப்பார். அடுத்த வாரம் முழுக்க மாணவர்கள் வெங்காயத் தோலில் சிவப்பு வட்டம் பார்த்துப் படம் வரைவார்கள். ஒரு பையன் அதற்குப் பெயரும் எழுதி, பாகமும் குறித்து, முழு மதிப்பெண் வாங்கினான். கையுறை போட்டுக்கொண்டு குங்குமம் வைக்கும் நாட்டுக்கு நான் வந்து சேர்ந்ததே முன்னேற்றம்தான்.

சந்தனம் குற்றவாளி இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. அதே இயந்திரத்தை, அதே தண்ணீரை, அதே மேசையின் மறுபாதியைப் பயன்படுத்தும் மெய் லிங் என்ற சீனப் பெண்ணின் ஆர்.என்.ஏ. முழுசாக இருந்தது. ஆர்.என்.ஏ.வை நீளம் பார்த்துப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், உடையாததற்கு அடையாளமாக இரண்டு கோடுகள், அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி. என் மகளுடையது, தண்ணீரில் கரைந்த மையைப் போல அடியில் ஒரு தீற்றல்.

அறை சரி. பொருள் சரி. மிச்சம் இருந்தது அவள் கை.

5

“என் கையே சரியில்லப்பா” என்றாள் அகிலா.

பல்கலைக்கழக உணவகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபிறகு இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவள், இரண்டு வருடமாக அதற்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருவாள், வந்தால் தூங்குவாள். நான் அவளை விழித்த நிலையில் பார்த்தே வெகுநாளாயிற்று. மெலிந்திருந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி செம்பனையைப் பற்றியது, எண்ணெய்ப் பனையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் சில மரங்கள், பழத்தைச் சுற்றி விரல் முளைத்த மாதிரி உருக்குலைந்து காய்த்தன. பழம் உருவாக வேண்டிய நேரத்தில் வரவேண்டிய ஒரு செய்தியை, மரத்தின் சொந்த நொதியே அவசரப்பட்டு வெட்டிவிடுகிறதா? இதுதான் அவள் கேள்வி. பிஞ்சுகளைக் கொண்டுவந்து, உறையவைத்து, பொடித்து, மைனஸ் எண்பது ஃப்ரீசரில் வைத்திருந்தாள். எண்ணெய் தராத மரத்தை வைத்துக்கொண்டு தோட்டக்காரர் ஆராய்ச்சிக்காகக் காத்திருப்பாரா? சாய்த்துவிட்டு வேறு கன்று நட்டுவிட்டார். ஃப்ரீசரில் இருந்த தூளும் ஒவ்வொரு தோல்வியிலும் கரைந்து, இப்போது ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சம்.

அது உடைந்தால் பட்டம் தள்ளிப்போகும். பட்டம் தள்ளிப்போனால் டென்மார்க்கில் அவளுக்காக வைத்திருக்கும் வேலை வேறு ஆளுக்குப் போகும்.

“ப்ரொஃபஸர் என்ன சொன்னாங்க தெரியுமா? ‘சில பேரோட கை ரொம்ப வேர்க்கும் அகிலா, நீ கம்ப்யூட்டர் சைட் போயிடேன்’னு.”

“வேர்த்தா என்ன? ரெண்டு கையுறை போடு.”

“போடுறேன்பா. மூணு கூட போட்டேன். ஃபீலிங்கே இல்ல, பென்சில் மாதிரி இருக்கு வெரல்.” சோற்றைக் கரண்டியால் தள்ளினாள். “அம்மா வேற போன் பண்ணி, கைராசிக்கு யாரையோ பாக்கலாம், வான்னு கூப்புடுது.”

என் மனைவி சகுந்தலாவும் கிள்ளான்காரிதான். அன்று மாலை அவளிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

“ஆமாங்க. கைராசின்னு ஒண்ணு இருக்கு லா. எங்க பெரிம்மா தயிர் ஒற வெச்சா ஒறையவே ஒறையாது. நீங்க சயின்ஸ்ல சொல்லுங்க பாப்போம், ஏன்?”

தயிர் உறையாததற்கு எனக்கு நான்கு காரணங்கள் தெரியும். மகளின் ஆர்.என்.ஏ. உடைவதற்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

6

கடைசித் தூளைத் தொடும் முன் ஒரு ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது. வளாகத்தில் நிற்கும் ஏதோ ஒரு பனையின் குருத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை அகிலா செய்யவேண்டியது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து நான் பார்க்கவேண்டியது. குணா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கோப்பியும் கொண்டுவந்து தந்தார். சினிமா பார்க்க உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவள் வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் தேநீர் போட்டால் பாதி மேடையில் ஊற்றுகிறவள். இங்கே ஒரு துளி சிந்தவில்லை. குப்பியைத் திறக்கும்போது மூடியின் உட்புறம் எதிலும் படாமல் பிடித்தாள். பிப்பெட் முனையை ஒரு முறைகூட விளிம்பில் இடிக்கவில்லை. பக்கத்து மேசையில் மெய் லிங் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தலையாட்டியபடி வேலை செய்தாள். என் மகள் மூச்சைக்கூட அளந்து விட்டாள். கைராசி இல்லாத கையாம்! எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவளுக்கு முன்னால் கைபேசி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நேரம் பார்க்க. அறைக்கு டைமர் வாங்க விண்ணப்பித்து, மூன்று கடைகளில் விலை கேட்டு, மூன்றாவது கடையே மூடிவிட்டதால் கோப்பு நின்றுபோயிருந்தது. மூன்று விலை கட்டாயம் என்ற விதி யாருடையது என்று கேட்காதீர்கள்.

மணி ஒன்று. என் சட்டைப் பையில் கைபேசி அலறியது. ‘அகிலா - சாப்பாடு’. இந்த அலாரம் அவள் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து அடிக்கிறது. அடித்தால் என் விரல் தானாக நகரும். மூளையிடம் அனுமதி கேட்பதில்லை.

‘சாப்பிட்டியா?’ என்று அனுப்பினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கைபேசி ஒளிர்ந்தது. அவள் முகம் மாறவே இல்லை. இடது கையில் குப்பி. வலது கையின் கட்டை விரல், கையுறையோடு, திரையில் இரண்டு தட்டு தட்டியது. என் பையில் ‘டிங்’ என்றது. பதில்: ‘சுடா.’

மலாயில் ‘ஆச்சு’ என்று பொருள். தமிழில் படிக்கவைக்காமல் விட்ட பிள்ளைகள் அப்பாவுக்குப் பதில் எழுதும் மொழி அது. எப்போது கேட்டாலும் ‘சுடா’தான். அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அதே கட்டை விரலால் அவள் குப்பியின் மூடியைத் தள்ளித் திறந்தாள்.

என் கோப்பி கையிலேயே நின்றது.

அந்தக் கைபேசி கொமுட்டர் ரயிலில் போகிறது. நாசி லெமாக் விற்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறது. கன்னத்தில் ஒட்டுகிறது, வியர்வையில் நனைகிறது, கழிப்பறைக்கும் போகிறது. உலகத்து ஆர்னேஸ் எல்லாம் அதன் கண்ணாடியில்தான் குடியிருக்கும். காலையில் எட்டரைக்கு ‘எழுந்தாச்சா’. ஒரு மணிக்குச் சாப்பாடு. நாலு மணிக்கு ‘டீ குடிச்சியா’. ஆறரைக்கு ‘மழை வருது, குடை இருக்கா’. ஒவ்வொன்றுக்கும் கையுறையோடு ஒரு பதில். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஒரு குப்பி.

7

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உலகத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைசித் தூளும் உடையும். டென்மார்க் வேலையும் கைவிட்டுப் போகும். ஒருவேளை கணினிப் பக்கம் மாறி, பங்சாரில் ஏதாவது அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, எங்களோடே தங்கிவிடுவாள். இதற்காக நான் ஒரு தவறும் செய்யவேண்டியதில்லை. தினமும் ஒரு மணிக்கு வழக்கம்போல அன்பாக இருந்தால் போதும்.

இவ்வளவு சுலபமான நடைமுறையை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்து அவள் ஜெல்லை எடுத்து விளக்கின்மேல் வைத்தாள். தீற்றல். கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், கடைக்காரர் தவறாகக் கொடுத்துவிட்ட பொருளைப் பார்ப்பதுபோல. அதை நான் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அவள் வெளியே வந்ததும் சொன்னேன். “உன் கையில ஒண்ணும் இல்ல. போன்ல இருக்கு.”

“போன்லயா?”

“கையுறையோட போனைத் தொடுற. அப்புறம் குப்பியைத் தொடுற.”

“டைமர்பா அது. சும்மா பாக்கறதோட சரி. டச் பண்ண மாட்டேன்.”

“டைமரை இல்ல. என்னை.”

புரிந்ததும் கண்ணை அகல விரித்தாள். “அப்பா! ரெண்டு வருஷமா?”

“மியூட் பண்ணியிருக்கலாமே நீ?”

“மியூட் பண்ணா என்ன ஆச்சு, மறந்துட்டீங்களா? கார்ட் அங்கிள அனுப்புனீங்க! அவரு லேடீஸ் டாய்லெட் வாசல்ல நின்னு கத்துறாரு, ‘அகிலா, அப்பா தான்யா, சுடா மாக்கான்?’ன்னு. சாப்டாச்சான்னு அப்பா கேக்குறாராம், அதை டாய்லெட்ல வந்து கேக்குறாருப்பா! ஃபேகல்டி ஃபுல்லா சிரிச்சாங்க. அதுக்கப்புறம் மியூட் பண்ண எனக்கு தைரியமே வரல.”

பின்னாலிருந்து குணா இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றும் வித்தையை அவர் என்னிடம்தான் கற்றுக்கொண்டார்.

“மெய் லிங்கோட அப்பா எப்படி?” என்று கேட்டேன்.

“மாசத்துக்கு ஒரு மெசேஜ். தம்ஸ் அப் மட்டும்.”

“அதான் அவ ஆர்.என்.ஏ. நல்லா இருக்கு.”

அகிலா சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெறுங்கையால். “என் கைன்னு நெனச்சேன்பா” என்றாள். “இத்தனை நாளா என் கைன்னே நெனச்சிட்டேன்.”

8

கடைசித் தூளுக்கு வியாழக்கிழமை குறித்தார்கள். கைபேசி வெளியே இழுப்பறையில் பூட்டப்படும். குணா கிள்ளான் பாசாரில் முட்டை வேகவைக்கும் டைமர் ஒன்றைத் தன் சொந்தக் காசில் வாங்கி வந்தார். கோழி வடிவம், நேரம் முடிந்தால் கொக்கரிக்கும். நானும் சும்மா இருக்கவில்லை. என் நடைமுறைக் கையேட்டைக் குணாவோடு உட்கார்ந்து பார்த்து, தொலைநகல் விதியையும் மூன்று விலை விதியையும் அடித்தேன். ‘நிஜமா அடிக்கவா சார்?’ என்று இரண்டு தரம் கேட்டார். அடித்தபின் தீ விபத்தில் எல்லோரும் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வியாழக்கிழமை முழுக்க எதுவும் செய்யாமல் இருப்பது. அதற்கு மட்டும் எந்தக் கையேட்டிலும் நடைமுறை இல்லை.

“என்னங்க, அந்தப் போனையே மொறச்சிப் பாக்குறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?” என்றாள் சகுந்தலா.

“அவளுக்கு மெசேஜ் போடக்கூடாது. நீயும் போடாதே.”

“நான் எங்க மெசேஜ் போடுறேன்? நான் போன் பண்ணுவேன்.”

“போனும் கூடாது.”

“போனும் கூடாதா? அப்ப எதுக்குங்க பெத்தது?” என்றவள், என் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி, தன்னுடையதையும் சேர்த்து அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடினாள்.

ஒரு மணிக்கு அரிசிக்குள்ளிருந்து அலாரம் அடித்தது. டப்பா அதிர்ந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சகுந்தலா தட்டில் சோறு போட்டாள், மீன் குழம்பு. என்னால் ஒரு வாய் எடுக்க முடியவில்லை.

“சாப்பிடுங்க. சோத்துல என்ன நொதி இருக்கு?”

“வெச்சிரு. அப்புறம்.”

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்பா இதே கேள்வியைக் கடிதத்தில் கேட்பார். திருச்சியிலிருந்து ‘சாப்பிட்டாயா’ என்று புறப்படும் கேள்வி இங்கே வந்து சேரும்போது ஏகப்பட்ட சாப்பாடு முடிந்திருக்கும். நானும் ‘வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறேன்’ என்று பதில் எழுதுவேன். பதில் எழுதிய இரவுகளில் பெரும்பாலும் பிஸ்கட்தான். ஆனால் அந்தக் கேள்வி யார் கையையும் தட்டிவிட்டதில்லை. வழியிலேயே நிதானப்பட்டு, ஓய்வு நேரத்தில்தான் வந்து சேரும். கேள்வியின் வேகத்தைக் கூட்டிவிட்டோம். எப்போது நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. உடம்பில் இருக்கும் ஒரு செல்லுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

நாலு மணிக்கு டப்பா மறுபடி அதிர்ந்தது. ஆறரைக்கும். மழை நிஜமாகவே வந்தது. குடை இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு மழையை முழுசாகப் பார்த்தேன்.

ஏழு மணி சுமாருக்கு டப்பாவுக்குள்ளிருந்து ‘டிங்’ என்றது. அது அலாரம் இல்லை. சகுந்தலா முழங்கைவரை அரிசிக்குள் விட்டு எடுத்தாள்.

ஒரு படம். கறுப்புப் பின்னணியில் இரண்டு கோடுகள். சென்ட்ரலிலிருந்து புறப்படும் தண்டவாளம் மாதிரி நேராக, கூர்மையாக, பளிச்சென்று. தீற்றல் இல்லை. காப்பார் மரத்தின் செய்தி, மரம் சாய்ந்தபிறகும் முழுசாக இருந்தது.

“என்னங்க இது? நல்லதா, கெட்டதா?”

“டென்மார்க்” என்றேன்.

சகுந்தலா முந்தானையை எடுத்துக் கைபேசித் திரையைத் துடைத்தாள். அதில் துடைக்க எதுவும் இல்லை. படத்துக்குக் கீழே இன்னொரு செய்தி வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘க்ளவ்ஸ் கழட்டிட்டேன். இப்ப கேளுங்க அப்பா.’

கேட்டேன்.

பதில் உடனே வரவில்லை. ‘சுடா’ என்று இரண்டு தட்டில் முடிகிற பதில் இல்லை அது, நெடுநேரம் எழுதினாள்.

‘இல்லப்பா. காலைல இருந்து ஒண்ணும் சாப்டல. உண்மைய சொன்னா, முக்காவாசி நாள் ஒரு மணிக்கு நான் சாப்டதே இல்ல. பசிக்குது.’

படித்துக் காட்டியதும் சகுந்தலா அடுக்கு டப்பாவை எடுத்துக் கழுவினாள். மதியம் நான் தொடாமல் வைத்த சோற்றையும் மீன் குழம்பையும் சூடாக்கி நிரப்பி, மேலே ஒரு முட்டையும் பொரித்து வைத்தாள். ஐந்து நிமிடத்தில் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு மின்தூக்கிக்கு வந்தேன். மின்தூக்கி பழுது. என் நடைமுறைப்படி புகார் கொடுக்க இப்போதுதான் முதல் வாய்ப்பு; அதை விட்டுவிட்டுப் படியில் இறங்கினேன்.

கொமுட்டர் புறப்பட்டபோது டப்பா மடியில் சூடாக இருந்தது. மீன் குழம்பின் மணத்துக்கு எதிரே இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். என் வயிறும் சத்தம் போட ஆரம்பித்தது. கைபேசி அதிர்ந்தது.

‘அப்பா, நீங்க சாப்டீங்களா?’

ஒரு கையில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டை விரலால் தட்டினேன்.

‘சுடா.’